எதிர்ப்புச் சக்தி கம்மி இல்லை

“இந்தப் பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தியே கம்மி, அக்கா. லேசா காத்தடிச்சா படுத்துக்குது. இதப் போய் யூனிவர்சிட்டிக்கு அனுப்புறேங்கிறீங்க. மூணு மாடி ஏறுமா இது?”

என் தாய்மாமா இதைச் சொன்னபோது யூனிவர்சிட்டியில் இடம் கிடைத்த செய்தி வந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. ஜொகூரில் கூலாய் என்ற ஊரில் எங்கள் வீட்டு முன்னறையில், நான் அவருக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தேன். அம்மா தேத்தண்ணி கலக்கிக்கொண்டே பதில் சொன்னார்.

“மூணு மாடி ஏற முடியலன்னா லிஃப்டு இருக்கும்லா. நீ தேயைக் குடி.”

எனக்குக் கிடைத்த விடுதி அறை நான்காம் மாடியில் இருந்தது. லிஃப்ட் பாதி நாள் வேலை செய்யாது. ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று ஏறினேன். வேதியியலில் பட்டம் வாங்கினேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் அது. ரெங்கம் பக்கத்துத் தோட்டத்தில் ஆறாம் ஆண்டோடு பள்ளியை விட்ட அப்பா இப்போது பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறார். அம்மா மூன்றாம் ஆண்டு வரைதான் படித்தார். நான் அதே பாசிர் கூடாங்கில் ஒரு சமையல் எண்ணெய் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வெள்ளைக் கோட்டு போட்டு வேலை செய்கிறேன். அந்தக் கோட்டோடு நான் எடுத்த படத்தை அம்மா சாமி அறைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். அதைக் கழற்றச் சொல்லி நான் ஒருநாளும் சொன்னதில்லை.

ஆனால் மாமாவின் அந்த வார்த்தை மட்டும் எங்கள் வீட்டில் ஒட்டிக்கொண்டது. ‘எதிர்ப்புச் சக்தி கம்மி’ என்பது என் ரத்த வகை மாதிரி ஆகிவிட்டது. கிளினிக்குக்குப் போனாலும் சொல்வோம், கல்யாண வீட்டில் ஐஸ்கிரீம் கொடுத்தாலும் சொல்வோம். அந்தக் கம்மியை நிரப்புவதே அம்மாவின் வேலை. கம்பத்துக்கோழி என்கிற நாட்டுக்கோழி சூப்பு, பாதி வெந்த முட்டை, மிளகு தட்டிப் போட்ட ரசம். கோவிட் வந்த பிறகு எதிர்ப்புச் சக்திக்கு ‘இமுன்’ என்ற புதுச் சொல்லும் வந்தது. மாமி டப்பா டப்பாவாக விற்க ஆரம்பித்த சத்துமாத்திரைகளும் வீட்டுக்கு வந்தன.

இந்த வருடம் ஒரு சனிக்கிழமை, சளியோடு வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா புதிதாக ஒரு பாட்டில் வாங்கி வைத்திருந்தார். ராயல் ஜெல்லி, ராணித் தேனீக்கு மற்ற தேனீக்கள் ஊட்டும் சாறு. “ராணிக்குக் குடுக்கிறதாம் பாப்பா,” என்று சொல்லி இரண்டு மாத்திரைகளை என் உள்ளங்கையில் வைத்தார். ஞாயிறும் சாப்பிட்டேன். திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்தில் நெஞ்சு இறுக ஆரம்பித்தது.

ஆஸ்துமாவுக்கென்று எப்போதும் பையில் வைத்திருக்கும் நீல நிறப் பம்பை வாயில் அடித்தேன். மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்தும் மருந்து அது. வழக்கமாகச் சில நிமிடங்களில் கதவு திறந்தது போல இருக்கும். அன்று திறக்கவில்லை. திரும்ப அடித்தேன். கூட வேலை செய்கிற பெண் என் உதட்டைப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் கார் சாவியை எடுத்தாள்.

அவசரப் பிரிவில் ஒரு டாக்டர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. ஒரு முழு வாக்கியம் பேச முடியுமா? ஆஸ்துமா எவ்வளவு மோசம் என்று பார்க்க அது ஒரு வழி என்று பிறகு தெரிந்துகொண்டேன். “என் பெயர்...” என்றேன். மூச்சு தீர்ந்துவிட்டது. எட்டு வயதிலிருந்து எங்கள் வீட்டில் யார் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் மலாயில் பேசுவது நான்தான். அப்பாவின் லைசென்ஸ், அம்மாவின் ரத்த அழுத்தம், மாமாவின் நிலவரி எல்லாவற்றுக்கும் பேசியிருக்கிறேன். அன்று இரண்டு சொல்லுக்கு மேல் எனக்கு வரவில்லை.

அம்மா வந்து சேர்ந்தபோது என் முகத்தில் நெபுலைசர் முகமூடி இருந்தது. மருந்தைப் புகையாக்கி மூச்சோடு உள்ளே அனுப்பும் கருவி அது. கையில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. அம்மா சந்தையில் பேசுகிற தன் மலாயில் டாக்டரிடம் எனக்காகப் பேசினார். “டாக்டர், என் மகளுக்கு இமுன் கம்மி. சின்ன வயசுலேர்ந்து.” முகமூடிக்குள்ளிருந்து அதைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

*

வார்டில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் சபூரா ஆன்ட்டி இருந்தார். ஜொகூர் பாருவில் கணவரோடு சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர், நுரையீரலில் சளி கட்டி வந்திருந்தார். நான் வந்த இரவு நேராகப் படுக்க முடியாமல், இரண்டு தலையணை மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். கண்ணை மூடினால் மூச்சை மறந்துவிடுவேனோ என்று பயம். ஆன்ட்டி அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தபடியே, தனக்குத்தானே பேசுவது போல, பரோட்டா மாவு எப்படி வீசவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எந்த இடத்தில் தூங்கினேன் என்று தெரியாது.

மறுநாள் மதியம் அம்மா சூப்போடு வந்தார். அப்பா காலை ஷிப்டு ஆட்களை இறக்கிவிட்டு, வெறும் பஸ்ஸில் கூலாய்க்குப் போய் அம்மாவை ஏற்றிவந்து, ஆஸ்பத்திரி வாசலிலேயே நிறுத்தியிருந்தார். நாற்பது பேர் உட்காரும் பஸ்ஸில் ஒரே ஓர் அம்மா, மடியில் பிளாஸ்க். காவலர் சத்தம் போட்டது எங்கள் வார்டு இருந்த மூன்றாவது மாடி வரை கேட்டது.

“அக்கா, என்னா சூப்பு அது? எனக்கே எழுந்து உக்காரணும் போல இருக்கு,” என்றார் சபூரா ஆன்ட்டி.

“கம்பத்துக்கோழி. பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி கம்மி. நீங்களும் குடிங்க.”

“எனக்கு எதிர்ப்புச் சக்தி ஜாஸ்தி. எங்க வீட்டுக்காரரக் கேளுங்க, எதுக்கெடுத்தாலும் எதிர்ப்புதான்.”

ஆனாலும் ஒரு கப் வாங்கிக்கொண்டார்.

வார்டில் மூச்சை அளக்க ஒரு சின்னக் குழாய் உண்டு. ஊதினால் முள் மேலே போகும். மூச்சுக்குழாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று அது சொல்லும். நான் ஊதும்போது அம்மா, ஆன்ட்டி, தரை துடைக்கிற பெண் மூன்று பேரும் சேர்ந்து, “ஊது, ஊது, ஊது!” என்பார்கள். முள் என்னைவிட அவர்களுக்குத்தான் முக்கியம்.

நுரையீரல் நிபுணர் டாக்டர் நோரா வந்தது அதற்கடுத்த நாள். அவசரப் பிரிவில் வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு மருந்து ஏறுவதற்கு முன் எடுத்த ரத்தத்தின் முடிவும், என் பழைய கிளினிக் ரத்தங்களின் முடிவும் அவர் கையில் இருந்தன. எல்லாவற்றிலும் இயோசினோபில் என்ற ஒருவகை வெள்ளை அணு மிகுதியாக இருந்தது.

“இதோட வேலை புழு மாதிரி ஒட்டுண்ணிகளோட சண்டை போடுறது,” என்றார் டாக்டர் மலாயில். “உனக்குள்ள புழு இல்ல. ஆனா உன் உடம்பு இதை மூச்சுக்குழாய்க்கு அனுப்பிக்கிட்டே இருக்கு.”

அம்மாவுக்குப் புழு என்ற சொல் மட்டும் நன்றாகப் புரிந்தது. “வருஷா வருஷம் பூச்சி மருந்து குடுத்தேனே பாப்பா!” என்றார் என்னிடம். பக்கத்துக் கட்டிலில் ஆன்ட்டி சிரித்து இருமினார்.

டாக்டர் நோரா கையுறைப் பெட்டியின் மேல் ஒரு குழாய் வரைந்தார். குழாயின் உள்சுவரில் இருக்கும் அணுக்கள், தூசியோ சளிக்கிருமியோ பட்டதும் அபாயச் செய்தி அனுப்பும். அந்தச் செய்தியைச் சில வெள்ளை அணுக்கள் வாங்கி, பெரிதாக்கி, மேலும் அனுப்பும். அப்படி ஒரு வெள்ளை அணு மற்றதற்கு அனுப்பும் செய்திக்கு இன்டர்லூக்கின் என்று பெயர். அவற்றுக்கு எண் உண்டு. நான்காவது, ஒவ்வாமையைத் தூண்டும் எதிர்ப்பொருளைச் செய்யச் சொல்லும். ஐந்தாவது, இயோசினோபில்களைப் பெருக்கி வரச் சொல்லும். பதின்மூன்றாவது, சளியைச் சுரக்கவைத்து, சும்மா இருக்கும் தசையைத் தொட்டால் சுருங்குகிறதாக மாற்றும். மூன்றும் சேர்ந்தால் குழாய் வீங்கி, சளி அடைத்து, இறுகிப்போகும். நீலப் பம்பு தசையை மட்டும்தான் தளர்த்தும், வீக்கத்தை ஒன்றும் செய்யாது. அதனால்தான் அன்று கதவு திறக்கவில்லை.

“ஆக, உன் இமுன் லெமா இல்ல,” என்றார் டாக்டர். லெமா என்றால் பலவீனம். “தெர்லாலு ராஜின்.”

ராஜின் என்ற சொல் அம்மாவுக்குத் தெரியாமல் இருக்குமா? என் பள்ளி அறிக்கையில் ஒவ்வொரு வருடமும் ஆசிரியர் எழுதிய சொல் அது. சுறுசுறுப்பு, உழைப்பு, எல்லாம் அதில் அடங்கும். யாராவது அதை வாசித்துக் காட்டினால் அம்மா முகம் விரியும். இப்போதும் விரிந்தது. “ராஜினா இருக்காம், பாப்பா. அப்ப நல்லதுதானே?”

‘தெர்லாலு’ என்றால் அளவுக்கு மீறி என்று நான் சொல்வதற்குள் டாக்டர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். சத்துமாத்திரை ஏதாவது சாப்பிட்டாயா?

பொய் சொல்ல ஒரு கணம் போதும். அம்மா பக்கத்தில் நின்றார். ஆனால் டாக்டர் எனக்கு ஒரு புதிய ஊசி தருவதா என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது, அதற்கு எல்லாம் தெரிந்தாக வேண்டும். ராயல் ஜெல்லி என்றேன்.

அது சில ஆஸ்துமாக்காரர்களுக்கு மோசமான ஒவ்வாமையைக் கிளப்பும் என்றார் டாக்டர். இந்த முறை அதுதானா, சளியா, இரண்டுமா என்று சொல்ல முடியாது. இனித் தொட வேண்டாம். என் ஆஸ்துமா இதற்கு முன்பே கட்டுக்குள் இல்லை என்பதால் ஊசியைப் பற்றி யோசிக்கலாம். அது ஐந்தாவது செய்தியை மட்டும் தடுக்கும்.

அம்மாவுக்கு அவ்வளவும் புரிந்தது. புரியாமல் போயிருக்கக் கூடாதா என்று அன்றுதான் முதன்முறையாக நினைத்தேன். அவர் பிளாஸ்க்கைக் கழுவப் போனார். வெகுநேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

*

அடுத்த நாள் அம்மா வெறுங்கையோடு வந்தார். கைக்குட்டையும் வீட்டுச் சாவியும் மட்டும்.

“கேன்டீன்ல வாங்கிக்கலாம் பாப்பா. அவங்க சுத்தமா செய்வாங்க.”

ஜொகூரில் உள்ள எந்தக் கேன்டீனையும் என் அம்மா நம்பியதில்லை. விடுதியில் இருந்தபோதே எனக்கு ஊறுகாய் முதல் உப்பு வரை கொடுத்தனுப்பியவர்.

“அக்கா, சூப்பு எங்க? அத நம்பி ஆஸ்பத்திரிச் சோத்த வேணாம்னு சொல்லிட்டேனே,” என்றார் சபூரா ஆன்ட்டி. பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்து, “என்னாச்சு?” என்றார்.

“என் கையாலதானே குடுத்தேன்,” என்றார் அம்மா. “இன்னும் என்ன குடுக்கச் சொல்றீங்க?”

அம்மா என் போர்வையை இழுத்துவிட்டார், பிறகு அதையும் விட்டுவிட்டார். “அந்த ஊசியும் வேணாம் பாப்பா. கம்மியா இருக்கிறதயும் அடைச்சுட்டா அப்புறம் உனக்கு என்னதான் இருக்கும்? வேலைய விட்டுட்டு வீட்டுக்கு வந்துடு. மூச்சு இருந்தா போதும்.”

ஊசி என் உடம்புக்கு, கையெழுத்தும் என்னுடையது. அம்மா வேண்டாம் என்றாலும் போட்டுக்கொள்ளலாம். ஆனால் என் அம்மா தன் கையைப் பார்த்துப் பயப்படும்போது எனக்கு மட்டும் மூச்சு சரியாகி என்ன செய்வது? அன்று எனக்கு முழு வாக்கியங்கள் திரும்ப வந்திருந்தன. பரீட்சைக்கு ஆங்கிலத்தில் எழுதியதையெல்லாம் தமிழில் யோசித்தேன். ஒன்றும் உதவவில்லை. கடைசியில் அம்மாவின் கைப்பேசியை எடுத்தேன்.

“ம்மா, நம்ம சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப் இருக்குல்ல?”

“ஆமா. அதுல என்ன?”

“அத்தை வீட்டுப் பின்வாசல்ல ஒரு சத்தம். பூனைதான். அத்தை குரூப்புல ‘ஏதோ சத்தம்’னு போடுறாங்க. மாமா அதப் பாத்து என்ன செய்வாரு?”

அம்மா யோசிக்கவே இல்லை. “திருடன்னு போடுவான். பத்து குரூப்புக்கு அனுப்புவான்.”

“அப்புறம்?”

“மோட்டார் சைக்கிள எடுத்துக்கிட்டு எல்லாரும் போவாங்க. கட்டையோட.”

“அத்தை வீட்டுச் சந்து எவ்ளோ அகலம்?”

“ஒரு மோட்டார் போகும்.”

“அதுல முப்பது மோட்டார். பூந்தொட்டி உடையுது, குழாய் உடையுது, தண்ணி ஓடுது. பூனை எப்பயோ போயிடுச்சு. இவங்க போகல. யாரும் உள்ள வர முடியல, வெளிய போக முடியல. அந்தச் சந்துதாம்மா என் மூச்சுக்குழாய். அங்க காத்து வரணும்.”

சபூரா ஆன்ட்டி கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். “அலமாக்! எங்க குரூப்புலயும் ஒரு மாமா இருக்காரு.”

அம்மா சிரிக்கவில்லை. அத்தை வீட்டுச் சந்தில் நிற்பவர்களை நினைத்துக்கொண்டிருந்தார். “வந்தவங்க எல்லாம் நல்லதுக்குத்தானே வந்தாங்க?”

“நல்லதுக்குத்தாம்மா.”

அம்மா தன் கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

“இப்பக் குடுக்கிறாங்களே, அந்த ஸ்டீராய்டு மாத்திரை?” என்றார்.

“அது குரூப்புல எல்லாரோட வாயயும் அடைக்கும். நல்லவங்க, கெட்டவங்க பாக்காது. அதான் முகம் வீங்குது, தூக்கம் போகுது. ஊசி அப்படி இல்ல. மாமா அனுப்புற மெசேஜ மட்டும் வழியில புடிச்சுக்கும். அத்தை பேசலாம், நீங்க பேசலாம், நெசமாவே திருடன் வந்தா போலீஸுக்கும் தகவல் போகும்.”

அம்மா, கணக்கு ஒன்றைத் திருப்பிப் பார்ப்பவர் போல மெதுவாகக் கேட்டார். “அப்ப உனக்கு எதிர்ப்புச் சக்தி கம்மி இல்ல?”

“இல்லம்மா. எங்க வேணுமோ அங்க இருக்கு. வேணாத எடத்துல கூடுதலா இருக்கு.”

“பள்ளிக்கூடத்துல ஓட்டப் பந்தயத்துக்கு உன்ன விடமாட்டேன்னு வாத்தியார்கிட்ட சொன்னேன். கம்மின்னு நெனச்சுத்தான்.”

“விட்டிருந்தா கடைசியாத்தான் வந்திருப்பேன்.”

“கடைசியா வந்தாலும் ஓடியிருப்பல்ல,” என்றார் அம்மா.

அவர் கையை எடுத்து என் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டேன். உள்ளே இன்னும் லேசாக விசில் சத்தம் இருந்தது. அம்மா அதை விரல்களால் கேட்பது போல அசையாமல் இருந்தார்.

*

வீட்டுக்கு வந்த பிறகும் சோதனைகள் இருந்தன. ஒரு பெட்டிக்குள் ஊதவைத்து மூச்சின் வேகத்தை அளந்தார்கள். இன்னொரு கருவி, விடும் மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு எவ்வளவு என்று பார்த்தது. குழாயில் இந்தவகை வீக்கம் இருந்தால் அது கூடும். எனக்குக் கூடியிருந்தது. ஊசி தொடங்குமுன் வயிற்றில் புழு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னார் டாக்டர். புழுவோடு சண்டை போடும் அணுவைக் குறைக்கப் போகிறோம் அல்லவா? இல்லை என்று முடிவு வந்தது. தான் கொடுத்த பூச்சி மருந்துதான் காரணம் என்று அம்மா அக்கம்பக்கம் சொல்லிவிட்டார்.

ஊசியின் விலையைக் கேட்டபோது அப்பா பஸ் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார். கம்பெனி இன்சூரன்ஸ் ஏற்றுக்கொள்ளுமா என்று தெரிய ஒரு மாதம் ஆனது. அந்த மாதம் முழுவதும் அவர் என்னைத் தானே வேலைக்கு ஏற்றிப் போனார், டிரைவருக்குப் பின்னால் முதல் இருக்கையில். ஏறுகிறவர்களிடம், “புகை நாத்தத்தோட வராதீங்கலா, மக இருக்கு,” என்பார்.

இன்சூரன்ஸ் சம்மதித்த செய்தி கேட்டு மாமா போன் செய்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

“அக்கா, இமுன அடைக்கிற ஊசியாம்ல! ஆபத்துலா அது. ஒரு வீடியோ அனுப்புறேன், பாருங்க.”

“நீ அனுப்புறதாலதான்டா பிரச்சனையே,” என்றார் அம்மா.

“நானா? நான் என்ன செஞ்சேன்?”

“நல்லதுக்குத்தான் செஞ்ச. இப்பக் கொஞ்சம் சும்மா இரு.”

மாமாவுக்கு இன்றுவரை அது புரியவில்லை.

எல்லாருக்கும் இந்த ஊசி வேண்டியதில்லை, எல்லா ஆஸ்துமாவும் இந்தவகையும் இல்லை. பலருக்குத் தினமும் இழுக்கும் ஸ்டீராய்டு பம்பே போதும். நானும் அதை நிறுத்தவில்லை. ஆனால் உங்கள் வீட்டில் ஒரு பிள்ளைக்கு இளைப்பு இருந்து, ‘எதிர்ப்புச் சக்தி கம்மி’ என்று சொல்லிக்கொண்டிருந்தால், எந்த அணு, எந்தச் செய்தி என்று டாக்டரிடம் ஒருமுறை கேளுங்கள்.

முதல் ஊசி போன புதன்கிழமை. தொடையில் ஒரு சுருக், அவ்வளவுதான். ஒவ்வாமை வருகிறதா என்று பார்க்கக் கிளினிக்கிலேயே கொஞ்ச நேரம் உட்காரச் சொன்னார்கள். நானும் அம்மாவும் நீல நாற்காலிகளில் உட்கார்ந்தோம். நர்ஸ் வந்து கையைப் பார்த்தாள், உதட்டைப் பார்த்தாள், போனாள்.

அம்மா பைக்குள் கைவிட்டு ஒரு டப்பாவை எடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவர் தானாக எனக்கென்று எதையும் கட்டிக்கொண்டு வந்ததில்லை. சமைத்ததைப் பானையோடு நடுவில் வைப்பார், நானே எடுத்துக்கொள்வேன். டப்பாவில் தேங்காய்ச் சாதமும், வறுத்த நெத்திலியும், சம்பாலும் இருந்தன. மூடியைத் திறந்து மடியிலேயே வைத்துக்கொண்டார். என் பக்கம் நீட்டவில்லை.

“சும்மா நாசி லெமாக்தான். மருந்து மாயம் ஒண்ணும் இல்ல இதுல,” என்றார். “சாப்பிடலாமான்னு அந்த நர்ஸம்மாவ ஒரு வார்த்தை கேட்டுட்டு வாயேன்.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் டப்பாவில் கைவைத்து, முதல் வாயை மென்றுகொண்டிருந்தேன்.